‘அதுவாவே செரியாப் போச்சுங்க’: எம்.எஸ். நோய் பிடிபட ஏன் இத்தனை வருசம்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கண்தான் மூலதனம். தைத்து வந்த துணியை டியூப் லைட் வெளிச்சத்தில் மேசைமேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், சாய வேறுபாடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்க வேண்டும். என் சின்னம்மா மகள் அந்த வேலையில்தான் இருந்தாள். அப்போது அவளுக்கு 24 வயது. ஒருநாள் வலது கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டதென்று கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் மேசையைப் பார்த்திருக்கிறாள். முன்னால் இருந்த சிவப்பு டீசர்ட் கட்டு வெளுத்துப்போய்ச் செங்கல் நிறத்தில் தெரிந்தது. சாயம் சரியில்லாத லாட் என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். “நல்ல சிவப்பைக் கொண்டுபோய் ரிஜெக்டுல போட்டிருக்கற, கண்ணு தெரியலையா அம்மிணி?” என்றார். கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் சரியான கேள்வி அதுதான். அதற்குப் பதில் கிடைக்க நாலரை வருசம் ஆனது.

பதிலின் பெயர் மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். அரசாங்கத் தாள்களில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று இருக்கும். அந்தப் பெயர் கொஞ்சம் திசைதிருப்பும். இந்த நோய் தண்டுவடத்தில் மட்டும் வருவதில்லை. மூளையிலும் வரும், கண் நரம்பிலும் வரும். நான் மருத்துவன் இல்லை. அவளுடைய ஃபைலைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு ஊர் அலைந்தவன். அலைச்சலிலும் அதற்கப்புறம் படித்ததிலும் விளங்கியதை, முதன்முதலாக இந்தப் பெயரைக் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வாய்க்காலை வைத்துச் சொன்னால் போதும். பவானிசாகரில் கிளம்பிச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது கீழ்பவானி வாய்க்கால். (அதற்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற சண்டைக்குள் இப்போது போக வேண்டாம்.) தலைமடையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும், நடுவில் கரை எங்கேயாவது அரித்துவிட்டால் கடைமடைக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான், அதுவும் தாமதமாகத்தான். கடைமடைக்காரருக்குத் தெரிவது காய்ந்த காடு மட்டுமே. உடைப்பு எந்த மைலில் என்று அவர் தன் வரப்பில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

மூளையிலிருந்து காலுக்கும் கைக்கும், கண்ணிலிருந்து மூளைக்கும் சேதி கொண்டுபோகிற நரம்பு இழைகளைச் சுற்றிக் கொழுப்பும் புரதமும் கலந்த ஓர் உறை இருக்கிறது. அதற்கு மயலின் என்று பெயர். வாய்க்காலின் கரை மாதிரி அது. சேதி ஒழுகாமல், வேகம் குறையாமல் போய்ச் சேர அதுதான் காரணம். எம்.எஸ். வந்தவர்களுக்கு, கிருமியோடு சண்டை போட வேண்டிய சொந்த நோய் எதிர்ப்புச் சக்தியே இந்த உறையைத் தாக்குகிறது. மூளை, தண்டுவடம், கண் நரம்பு இந்த மூன்றுக்குள்தான் தாக்குதல். தாக்கிய இடத்தில் பின்னால் தழும்பு விழுந்து இறுகிவிடும். ஸ்க்லெரோசிஸ் என்றால் இறுகிப்போவது. பாரிஸில் ழான் மார்டன் ஷார்க்கோ என்ற மருத்துவர் 1868இல் இந்தத் தழும்புகளையும் நோயாளிகளின் தொந்தரவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இது தனி நோய் என்று விவரித்தார்.

ஏன் வருகிறது என்ற கேள்விக்கு முழுப் பதில் இன்னும் இல்லை. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கு மேலானவர்களின் பதிவுகளை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வு, எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. ஆனால் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸ் தொற்றித்தான் இருக்கிறது; அத்தனை பேருக்கும் எம்.எஸ். வருவதில்லை. அதனால் வைரஸ் மட்டும் போதாது, வேறு ஏதோ சேர வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எம்.எஸ். தொற்றாது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்காவது அதிகம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இந்த நோய் பிடிபடாமல் போவதற்கு முதல் காரணம், அது அதுவாகவே சரியாகிவிடுவது.

வாய்க்கால் உடைந்தால் ஊர்க்காரர்கள் மண்மூட்டை போட்டு அடைப்பார்கள் இல்லையா, அதே மாதிரி உடம்பும் அழற்சி தணிந்ததும் உறையை ஓரளவு சரிசெய்துகொள்ளும். எம்.எஸ். நோயாளிகளில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இப்படித்தான் ஆரம்பம்: ஒரு தாக்குதல், சில வாரங்களில் தணிவு, அப்புறம் மாதக்கணக்கில், சில நேரம் வருசக்கணக்கில் ஒன்றுமே இல்லை. பிறகு வேறோர் இடத்தில் இன்னொன்று. தாக்குதல் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள, காய்ச்சல், தொற்று எதுவும் இல்லாத நிலையில் தொந்தரவு குறைந்தது 24 மணி நேரம் நீடிக்க வேண்டும். முந்தைய தாக்குதல் தொடங்கி 30 நாளாவது கழிந்திருக்க வேண்டும்.

அதுவாகவே தணிகிற நோயில் கடைசியாக எதைச் செய்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். என் தங்கச்சிக்குக் கண் மங்கியபோது, பார்வையைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. கண் டாக்டரிடம் போனாள். உள்ளே பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். வீக்கம் கண் விழிக்குப் பின்னால் தள்ளி நரம்பில் இருந்தால் கருவியில் பார்த்தாலும் தெரியாது. கண் மருத்துவர்களிடையே இதைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு: நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு டார்ச்சை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்தால், பாதித்த கண்ணின் பாப்பா சுருங்குவதற்குப் பதில் விரியும். அரை நிமிச வேலை. அன்றைக்கு அது நடக்கவில்லை. ஐந்து வாரத்தில் பார்வை திரும்பியது. கண்ணாடிக்குப் பெயர். “நல்ல கண்ணாடிங்க, போட்டதும் செரியாப் போச்சு” என்று சின்னம்மா நாலு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்தார்.

இரண்டு வருசம் கழித்து, முதல் குழந்தை பிறந்து இரண்டாம் மாதம், தொப்புளுக்குக் கீழே மரத்துப்போனது. வயிற்றைச் சுற்றி யாரோ இறுக்கமாகத் துண்டு கட்டினதுபோல இருக்கிறது, காலில் செருப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்றே தெரியவில்லை என்றாள். எங்கள் அம்மிச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “பச்ச ஒடம்பு கண்ணு. குளுந்த தண்ணி பட்டிருக்கும், வாயு எறங்கியிருக்குது.” அம்மிச்சியை நான் குறை சொல்லமாட்டேன், அவர் கவனித்த நேரம் சரியானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எம்.எஸ். தாக்குதல் குறையும், குழந்தை பிறந்த முதல் மூன்று மாதத்தில் கூடும். இது நன்றாக நிறுவப்பட்ட விசயம். காரணம்தான் வாயு இல்லை. பக்கத்து ஊர் டாக்டர் சத்துக் குறைவு என்று பி12 ஊசி ஒரு கோர்ஸ் போட்டார். ஆறு வாரத்தில் மரப்பு இறங்கியது. இந்த முறை ஊசிக்குப் பெயர். கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிற்றுக்கும் கொஞ்சம் பங்கு போனது.

இப்படி ஏமாந்தது நாங்கள் மட்டுமில்லை. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் ஒருவர், அகஸ்டஸ் டெஸ்டே என்று பெயர், 1794இல் பிறந்தவர். 1822இல் ஸ்காட்லாந்தில் நெருங்கிய ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டு வந்ததும், கடிதங்களைப் படிக்க முடியாமல் கண் மங்கியது. வைத்தியம் எதுவும் செய்யாமலே சரியானது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அடுத்தடுத்து இரட்டைப் பார்வை, கால் பலவீனம், மரப்பு, சிறுநீர் அடக்க முடியாமை எல்லாம் வந்து வந்து போனதையும் எழுதினார். டாக்டர்கள் இறைச்சியும் ஒயினும் சாப்பிடச் சொன்னார்கள், உடம்பைத் தேய்க்கச் சொன்னார்கள். கடைசியில் சக்கர நாற்காலியில் இருந்து 1848இல் இறந்தார். நோய்க்குப் பெயர் கிடைத்ததே அதற்கு இருபது வருசம் கழித்து. அவருக்கு எம்.எஸ். என்று நமக்குத் தெரிய வந்தது அந்த நாட்குறிப்பால்தான். தேதி போட்டு எழுதி வைத்ததால், பின்னாளில் வந்தவர்கள் சேர்த்து வைத்துப் படிக்க முடிந்தது. ராஜா வீட்டுப் பேரனுக்கே இந்த நிலைமை.

இன்றைக்குச் சேர்த்துப் படிக்க ஆள் இல்லை என்பதுதான் இரண்டாவது சிக்கல். கண் மங்கினால் கண் டாக்டர். கால் மரத்தால் எலும்பு டாக்டர், இல்லையென்றால் சுளுக்கு எடுக்கிறவர். சிறுநீர் அவசரமாக வந்தால் நீர்க்கடுப்பு என்று பெண் டாக்டர். தலைசுற்றினால் காது டாக்டர். ஓயாத அசதி என்றால் ரத்தச் சோகை, அதுவும் இல்லையென்றால் ‘மனசை லேசா வெச்சுக்குங்க’. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு துண்டைப் பார்க்கிறார்கள், அந்தத் துண்டு தணிந்ததும் ஃபைல் மூடப்படுகிறது. அடுத்தது வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, வேறு ஃபைல். மாத்திரை தீர்ந்ததும் பழைய சீட்டைக் கிழித்துப்போடுகிற வழக்கம் நம் வீடுகளில் தாராளமாக இருக்கிறது.

எம்.எஸ். வெள்ளைக்காரர் நோய், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு வராது என்ற எண்ணமும் ரொம்ப நாள் இருந்தது. குளிர்நாடுகளில் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவியதற்கு அப்புறம்தான் இங்கேயும் இருக்கிறது என்பது வெளியே தெரிந்தது. உலகம் முழுக்க 28 லட்சம் பேருக்கு மேல் எம்.எஸ். இருக்கிறது. பரவலாக வரும் கழுத்துத் தேய்மானத்தையும் பி12 குறைவையும் முதலில் சந்தேகிப்பதில் தப்பில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் தப்பு.

அப்புறம் வெயில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இந்த நோய் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. கோடையில் தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவான ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கிறபோது கரூர் பரமத்தியும் ஈரோடும் அடிக்கடி வரும். என் தங்கச்சி கட்டிக்கொண்டு போன ஊர் கரூர் பரமத்திக்குப் பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த இரண்டாவது அக்னி நட்சத்திரத்தில், மதியம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தால் இடது கண் மறுபடி மங்கும், கால் இழுக்கும். வீட்டுக்குள் வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் அரை மணியில் தெளிந்துவிடும். மாமியார் சொன்னார், “வெய்யில்ல எல்லாத்துக்கும்தான் மயக்கமா வருது, இவளுக்கு மட்டுமா?” நியாயமான கேள்விதான். எல்லாருக்கும் வருவது பொதுவான சோர்வு. குறிப்பிட்ட ஒரு கண், குறிப்பிட்ட ஒரு கால் என்று முன்பு தொந்தரவு கொடுத்த அதே இடத்தில் சூட்டில் திரும்ப வந்து, குளிர்ந்ததும் போய்விடுவது வேறு.

உறை பழுதான நரம்பில் சேதி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே நின்றுவிடலாம். வில்ஹெல்ம் உத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் இதை எழுதினார், அதனால் அவர் பெயரே இதற்கு வைத்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால், சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துத் தொந்தரவு கிளம்புகிறதா என்று பார்க்கிற வழக்கம்கூட இருந்தது. இது புதிய தாக்குதல் இல்லை, பழைய தழும்பு வெளியே தலைகாட்டுவது. அதாவது முன்பு எங்கேயோ ஒரு தாக்குதல் நடந்திருக்கிறது என்பதற்கான சாட்சி. அந்தச் சாட்சியை வெயில் கணக்கில் எழுதிவிட்டோம்.

இன்னொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கண் மங்கியது, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். ஜாதகம் மூன்று இடத்துக்குப் போயிருந்தது. “கண்ணுல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வருவான்?” என்று வீட்டோடு அமுக்கிவிட்டார்கள், நானும் சேர்ந்துதான். பிறகு கால் மரத்தபோது ஒரு டாக்டர், “இதுக்கு முன்னாடி கண்ணுல, கையில ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டே விட்டார். பக்கத்தில் மாப்பிள்ளையும் மாமியாரும் நின்றார்கள். சின்னம்மா முந்திக்கொண்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நோயைப் பிடிக்க வேண்டிய கேள்வி அன்றைக்கே கேட்கப்பட்டது. பொய்யான பதிலால் இன்னும் இரண்டரை வருசம் போனது. இத்தனைக்கும், பெற்றவருக்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். சம்பந்தம் பேசுகிற இடத்தில் இந்தக் கணக்கு யாருக்குத் தெரிகிறது?

ஸ்கேனும் ஏமாற்றும். கால் மரப்பு என்றதும் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நார்மல் என்று வந்தது, எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். தண்டுவடம் இடுப்பின் மேல் முனையிலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்தில் முடிந்துவிடும்; அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கொத்துதான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவளுக்கு உடைப்பு இருந்தது நெஞ்சு உயரத்தில். கடைமடையில் நின்றுகொண்டு கடைமடையையே படம் எடுத்திருக்கிறோம். எம்.எஸ். சந்தேகம் என்றால் மூளையையும், கழுத்திலிருந்து நெஞ்சுவரைக்குமான தண்டுவடத்தையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் காடோலினியம் என்ற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். அண்மையில் உண்டான புண் அதில் பளிச்சென்று தெரியும், பழையது அப்படிப் பளிச்சிடாது. ஒரே படத்தில் புதியது எது, பழையது எது என்று பிரிக்க அது உதவும்.

பிரிப்பது ஏன் முக்கியம் என்றால், எம்.எஸ். என்று உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. சர்க்கரை மாதிரி ரத்தம் எடுத்து ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. 2001இல் வந்த மெக்டொனால்ட் விதிகள்தான், நாலு முறை திருத்தப்பட்டு, உலகம் முழுக்க நடப்பில் இருக்கின்றன. அவற்றின் அடிப்படை இரண்டு சொல்: இடம், காலம். நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் பாதிப்பு நடந்திருக்க வேண்டும். அதை வேறு எந்த நோயாலும் இதைவிடப் பொருத்தமாக விளக்க முடியக்கூடாது. 2017இல் ஒரு சலுகை வந்தது. முதுகுத்தண்டு நீரில் ‘ஒலிகோகுளோனல் பட்டை’ என்ற அடையாளம் இருந்தால், இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024 திருத்தத்தில் கண் நரம்பையும் ஓர் இடமாகச் சேர்த்துவிட்டார்கள். என் தங்கச்சியின் சிவப்புக் கட்டு இன்றைய விதிப்படி நேராகக் கணக்கில் வரும்.

முதுகுத்தண்டில் நீர் எடுப்பது என்றதும் எங்கள் வீட்டில் அழுகையே வந்துவிட்டது. ‘நீர் எடுத்தா இடுப்புக்குக் கீழ செயலிழந்து போயிரும்’ என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஊசி போடுவது தண்டுவடம் முடிந்ததற்கும் கீழே. அதனால் தண்டுவடத்தில் குத்துவது என்ற பேச்சே இல்லை. சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி வரும். அவளுக்கும் வந்தது, படுத்து எழுந்தாள், போய்விட்டது.

இத்தனையும் படித்துவிட்டு, கால் மரத்தாலே எம்.எஸ். என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவசரப்பட்டு முத்திரை குத்துவதும் நடக்கிறது. ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், வயது எதனாலும் மூளை ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். காசநோய், லூபஸ், பி12 குறைவு எல்லாமே எம்.எஸ். வேசம் போடக்கூடியவை. எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது என்.எம்.ஓ. என்ற நோய். அதுவும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும்தான் தாக்கும். 2004இல் அதற்கான ரத்தப் பரிசோதனைக்கு வழி கிடைத்தது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கிற இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கிவிடும். ஆகவே டாக்டர் மேலும் இரண்டு டெஸ்ட் எழுதினால் பணம் பிடுங்குகிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். சில நேரம் அப்படியும் இருக்கலாம்தான். ஆனால் இந்த விசயத்தில் அநேகமாக இல்லை.

எங்களுக்குப் பிடிபட்டது இப்படி. 28 வயதில் நடை தடுமாறியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கால்வரை கரண்ட் அடித்ததுபோல ஓடியது. எக்ஸ்ரே எடுத்துக் கழுத்துத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். பட்டையோடு கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். வயதில் என்னைவிடச் சின்னவர். உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்த்தார். கட்டைவிரல் கீழே மடங்காமல் மேல்நோக்கி எழுந்தது. கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அவர் பேனாவை வைத்துவிட்டு, “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க” என்றார். சின்னம்மா, மாப்பிள்ளை, நான், மூவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே என்ன கேட்டார் என்று அவள் அப்புறம் சொன்னாள்.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது ஒரு கண்ணு மட்டும் மங்கலாச்சா?”

“ஆமாங்க. ஆனா அதுவாவே செரியாப் போச்சுங்க.”

“அதைத்தான் கேக்கறேன். மொதல்ல இருந்து சொல்லுங்க.”

சிவப்புக் கட்டிலிருந்து ஆரம்பித்து அவள் சொல்ல, இருபது நிமிசம் எழுதிக்கொண்டார். மூளை, தண்டுவட ஸ்கேன் இரண்டும் அதே வாரத்தில் முடிந்தன. மூளையில் ஏழெட்டுப் புள்ளிகள். அவளுக்குத் தெரிந்து நடந்த தாக்குதல் மூன்று. தெரியாமல் நடந்தவை அதைவிட அதிகம். இந்த நோய் வெளியே ஒரு தொந்தரவு காட்டுவதற்குள் உள்ளே பல தழும்புகளைச் சத்தமில்லாமல் போட்டிருக்கும்.

முதல் தடவை கண் மங்கியபோதே மூளைக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கண் நரம்பு அழற்சி வந்தவர்களை அமெரிக்காவில் 15 வருசம் தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு எம்.எஸ். வந்தது, ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 சதவீதம்.

சீக்கிரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, இதற்குத்தான் முழுக் குணம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. முழுக் குணம் இல்லைதான். தாக்குதல் வந்தால் ரத்தக் குழாய் வழியாக மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். அது மீள்வதை விரைவாக்கும், அவ்வளவே, அடுத்த தாக்குதலைத் தடுக்காது. தடுக்கிற மருந்துகள் வேறு. அமெரிக்காவில் முதலாவதாக 1993இல் இன்டர்ஃபெரான் அனுமதி பெற்றது. இன்று ஊசி, மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவது என்று ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. விலைதான் கழுத்தைப் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக மூன்றைச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்ஸிமாப். இந்த மருந்துகள் புதிய உடைப்பைக் குறைக்கும், ஏற்கெனவே இடிந்த கரையைக் கட்டித் தராது. உறையோடு நிற்காமல் உள்ளே இருக்கும் நரம்பு இழையே அறுந்துபோனால் அது திரும்ப வருவதில்லை. தாமதத்தின் விலை அங்கே இருக்கிறது. பிடிபடாத நாலரை வருசத்தில் போன இடது கால் பலத்தில் கொஞ்சம் அவளுக்குத் திரும்பவே இல்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? இளவயதில் ஒரு கண் மட்டும் சில நாளில் மங்கி, அசைத்தால் வலித்து, சிவப்பு வெளுத்துத் தெரிந்தால். உடம்பின் ஒரு பக்கமோ இடுப்புக்குக் கீழேயோ நாள்கணக்கில் மரத்திருந்தால். இரட்டையாகத் தெரிந்தால், குனிந்தால் கரண்ட் ஓடினால். இவற்றில் ஒன்று வந்து போய், மாதங்கள் கழித்துச் சம்பந்தமே இல்லாததுபோல இன்னொன்று வந்தால், கட்டாயம் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் முகம் கோணுவது, ஒரு கை கால் விழுவது, பேச்சு குழறுவது நிமிசங்களுக்குள் திடீரென்று வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அங்கே நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். எம்.எஸ். தாக்குதல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஏறும்.

நோட்டு என்றேனே, அது 40 பக்க ரூல் போட்ட நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தேதி, எந்தப் பக்கம், எத்தனை நாள் இருந்தது, காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து, எப்போது போனது. போனதையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். ஸ்கேன் படங்களின் சிடியைத் தூக்கி எறியக் கூடாது. ரிப்போர்ட்டைவிடப் படம்தான் அடுத்த டாக்டருக்குத் தேவைப்படும். டாக்டர் கேட்கிறபோது நோயாளியே பேசட்டும், கூடப் போனவர்கள் முந்திக்கொள்ள வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று, பாதிப்பின் அளவைப் பொறுத்துச் சான்றிதழ் வாங்கலாம். அந்த அலுவலகத்திலும் அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டினார்கள்.

தங்கச்சி இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் பார்க்கிறாள். சித்திரையிலும் வைகாசியிலும் மதியத்துக்கு மேல் போவதில்லை. மற்ற நாளில் கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பாள். சிவப்பு லாட் வந்தால் பக்கத்து மேசைக்காரியிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் ஒதுக்குகிறாள்.